போர்ஷே கார்களின் வடிவ மாற்றமும் உரிமையாளர் ரசனையும்

போர்ஷே கார்களின் வடிவ மாற்றம் என்பது, ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார்களின் தோற்றத்தை அவற்றை வாங்கியவர்கள் தங்கள் ரசனைக்கேற்ப மாற்றிக்கொண்ட வழக்கத்தையும், அதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகளின் வரலாற்றையும் குறிக்கும். வண்ணம் மாற்றிப் பூசுவது, ஸ்பாய்லர் பொருத்துவது, மட்கார்டை அகலப்படுத்துவது, முகப்பு விளக்குகளை இடம் மாற்றுவது, பம்பரைக் கழற்றி வேறு வடிவில் போடுவது ஆகியன இதில் அடங்கும். எஞ்சினின் திறனைக் கூட்டுவது தனித்துறை. இக்கட்டுரை பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியே பேசுகிறது.

காரை மாற்றியமைக்கும் வழக்கம் எல்லா நாடுகளிலும், எல்லா நிறுவனக் கார்களிலும் உண்டு. ஆயினும் போர்ஷே 911 என்னும் காருக்கு இதில் ஒரு தனியிடம் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் அடிப்படை உருவம் பெரிதும் மாறாமல் தொடர்வதால், பழைய காரைப் புதியது போலவும் புதிய காரைப் பழையது போலவும் மாற்றிவிட முடிகிறது. 1980களில் பழைய 911-ஐப் புதியதாகக் காட்டுவதற்குப் பணம் செலவழித்தார்கள். 2010களில் அதே குடும்பத்துக் காரைப் பழையதாகக் காட்டுவதற்கு அதைவிடப் பன்மடங்கு செலவழித்தார்கள். இரண்டு காலத்திலும் வெட்டப்பட்டது ஒரே வகைத் தகடுதான்.

மூல வடிவம்

911 முதன்முதலில் 1963ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் கார் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வைக்கப்பட்டது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்களைக் கார்ப் பெயராகப் பயன்படுத்தும் உரிமை பிரான்சில் பெஜோ நிறுவனத்திடம் இருந்ததால், பூஜ்யம் ஒன்றாக மாறி 911 ஆயிற்று. நிறுவனரின் பேரனான பெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே இதன் வடிவத்தை அமைத்தார். நிமிர்ந்து நிற்கும் இரண்டு வட்ட விளக்குகள், அவற்றுக்கிடையே தாழ்ந்து இறங்கும் மூடி, பின்பக்கம் வரை ஒரே வளைவாகச் சரியும் கூரை, பின்புறத்தில் ஆறு சிலிண்டர் கொண்ட எஞ்சின் என்பவை இதன் அடையாளங்கள். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. காற்றும் எண்ணெயும் அவ்வேலையைச் செய்தன. இம்முறை 1998 வரை நீடித்தது. பின்னாளில் ரசிகர்கள் காற்றால் குளிரும் கார்கள், தண்ணீரால் குளிரும் கார்கள் என 911 வரலாற்றையே இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள்.

1973 வரை வந்த கார்களில் முன்மூடி நீளமாகவும் பம்பர் மெலிதாகவும் இருந்தன. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் சேதமடையாத பம்பர் வேண்டும் என அமெரிக்கா விதித்ததால், 1974 மாதிரியிலிருந்து பம்பர் தடித்து, அதன் ஓரங்களில் ஆர்மோனியத் துருத்தி போன்ற கறுப்பு ரப்பர் மடிப்புகள் வந்தன. முன்மூடி குட்டையாயிற்று. 1989இல் வந்த 964 என்ற தலைமுறையில் பம்பர் உடலோடு இழைந்து வழவழப்பானது. 1990களின் நடுவில் 993 வந்தது. இந்த நான்கு காலகட்டங்களையும் அவற்றின் பம்பரையும் மூடியையும் வைத்தே பழக்கமுள்ள கண் பிரித்தறிந்துவிடும். மாற்றியமைப்போரின் வேலை முழுதும் இந்த அடையாளங்களை அழிப்பதிலும் இடம் மாற்றுவதிலும்தான் அடங்கியிருக்கிறது.

வண்ணத்தால் வந்த மாற்றம்

தகட்டைத் தொடாமல் வண்ணத்தால் மட்டும் ஒரு காரைத் தனதாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு அமெரிக்கப் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் கார் சிறந்த எடுத்துக்காட்டு. 911-க்கு முந்தைய 356 வகையைச் சேர்ந்த, 1964ஆம் ஆண்டுத் திறந்த கூரைக் காரை அவர் 1968இல் பழைய காராக 3,500 டாலருக்கு வாங்கினார். தம் குழுவில் வேலை பார்த்த டேவ் ரிச்சர்ட்ஸிடம் 500 டாலர் கொடுத்து அதன் மீது ஓவியம் தீட்டச் சொன்னார். பட்டாம்பூச்சிகள், ஜெல்லி மீன்கள், மகர ராசிச் சின்னம், இசைக்குழுவினரின் முகங்கள் எனக் காரின் ஒரு விரற்கடை இடமும் மிச்சமில்லாமல் படங்கள் நிறைந்தன. சான் பிரான்சிஸ்கோ வீதிகளில் எங்கே நின்றாலும் அது யாருடைய கார் என்று மக்களுக்குத் தெரிந்தது.

அந்த அடையாளமே அதைத் திருடியவனுக்குத் தொல்லையாயிற்று. 1969இல் அந்தக் கார் திருடப்பட்டது. திருடியவன் படங்களை மறைக்க மேலே வண்ணம் தெளிக்க முயன்றான். ஓவியத்தின் மீது பாதுகாப்புப் பூச்சு இருந்ததால், கார் கிடைத்த பிறகு மேல்வண்ணத்தை நீக்கி ஓவியத்தைக் காப்பாற்ற முடிந்தது. 1970இல் ஜாப்ளின் மறைந்தார். பின்னர் காரைப் பெற்ற குடும்பத்தினர் அதைப் பழைய சாம்பல் நிறத்துக்கே மாற்றினார்கள். ஒரு போர்ஷே இருக்க வேண்டிய நிறத்துக்கு வந்துவிட்டது என்று அப்போது சிலருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் 1990களில் அதே குடும்பம் ஓவியர்களை வைத்துப் பழைய படங்களை நிழற்படங்களைப் பார்த்து மீண்டும் தீட்டச் செய்தது. 2015 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் அந்தக் கார் 17.6 லட்சம் டாலருக்குப் போனது. தொழிற்சாலை நிறத்தில் இருந்திருந்தால் அதில் ஒரு சிறு பங்குகூடக் கிடைத்திருக்காது.

பந்தயத்திலிருந்து தெருவுக்கு

911-இல் தகடு சார்ந்த மாற்றங்களுக்கு மூலம் பந்தயத் தேவையே. 1972இல் நிறுவனம் அறிமுகப்படுத்திய கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற காரின் பின்மூடியில் வாத்தின் வால் போல மேல்நோக்கி வளைந்த ஸ்பாய்லர் இருந்தது. வேகத்தில் காரின் பின்பகுதி காற்றால் மேலே தூக்கப்படுவதை அது குறைத்தது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட அகலமாக இருந்ததால் பின் மட்கார்டும் புடைத்தது. பந்தய விதிப்படி 500 கார்கள் விற்றாக வேண்டும். இத்தனை விற்குமா என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரிவே சந்தேகப்பட்டது. கடைசியில் 1,580 கார்கள் தயாராயின. அதன்பின் சாதாரண 911 வைத்திருந்தவர்களும் பின்மூடியைக் கழற்றிவிட்டு வாத்து வால் மூடியைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்று உலகில் ஆர்.எஸ். போலத் தோன்றும் கார்களில் உண்மையான ஆர்.எஸ். குறைவு.

1974இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்ட டர்போ, இதை மேலும் வளர்த்தது. அதன் இடுப்பு இன்னும் அகலம்; பின்னால் இருந்தது திமிங்கல வால் எனப் பெயர் பெற்ற பெரிய ஸ்பாய்லர். சாதாரணக் காரை டர்போ போலக் காட்டும் மட்கார்டுகளும் வால்களும் விற்பனைக்கு வந்தன. பட்டறைக்காரர்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

இந்தக் காலத்தில் ஒரு விசித்திர வேண்டுகோளும் வந்தது. மார்ட்டினி மதுக் குடும்பத்தைச் சேர்ந்த கிரிகோரியோ ரோஸ்ஸி பிரபு, லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற 917 வகைப் பந்தயக் கார் ஒன்றைத் தெருவில் ஓட்டும் காராக மாற்றித் தரச் சொன்னார். உள்ளே தோல் இருக்கை, வெளியே வெள்ளி நிறம், ஓசையைக் குறைக்கும் புகைக்குழாய் எல்லாம் வைத்து 1975இல் நிறுவனமே அதைச் செய்து கொடுத்தது. ஐரோப்பிய நாடு எதுவும் பதிவெண் தர எளிதில் இசையாத அந்தக் கார், அமெரிக்காவின் அலபாமா மாநிலப் பதிவெண்ணுடன் ஜெர்மனியிலிருந்து பாரிசுக்குச் சாலை வழியே சென்றது.

தட்டை மூக்கு

வடிவ மாற்ற வரலாற்றில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது தட்டை மூக்கு ஆகும். 1976இல் பந்தயத்துக்கு வந்த 935 என்ற கார் 911-இன் நிழலுருவைக் காக்க வேண்டும் என்பது விதி. மட்கார்டின் வடிவத்தை மட்டும் விருப்பம்போல் மாற்றலாம். அகலமான சக்கரங்களை உள்ளடக்குவதற்காக வைக்கப்பட்ட விதி அது. மட்கார்டை அகலமாக்கத்தான் வேண்டும், உயரத்தைக் குறைக்கக் கூடாது என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை என்பதைப் பொறியாளர் நோர்பர்ட் சிங்கர் கவனித்தார். 911-இன் நிமிர்ந்த விளக்குகள் காற்றைத் தடுத்தன. அவர் மட்கார்டை மூடியின் மட்டத்துக்கு இறக்கினார். விளக்குகளைக் கீழே பம்பருக்குக் கொண்டுபோனார். விதியைச் சொல்லுக்குச் சொல் படித்ததால் பிறந்த வடிவம் அது. கொலோன் நகரின் கிரெமர் சகோதரர்கள் அதை மேலும் திருத்தி உருவாக்கிய 935 கே3, 1979இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலிடம் பெற்றது.

வென்ற காரின் முகத்தைத் தெருவில் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் பலர். கிரெமர் பட்டறை சாலைக் கார்களுக்கும் தட்டை மூக்கு வைத்துத் தந்தது. பிராங்க்பர்ட்டில் ரைனர் புக்மான் நடத்திய பிபி பட்டறை, போர்ஷேயின் 928 வகைக் காரில் மேலெழும் விளக்குகளைக் கொண்டுவந்து 911-இன் மூக்கில் பதித்தது. இதே பட்டறைதான் 1976இல் போலராய்டு நிறுவனத்தின் வானவில் வண்ணப் பட்டைகளை ஒரு டர்போவின் மேல் பூசி, கொலோன் நிழற்படக் கண்காட்சியில் நிறுத்திப் பெயர் பெற்றது.

போர்ஷே நிறுவனம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அதனிடம் தனி விருப்பங்களை நிறைவேற்றும் ஒரு பிரிவு இருந்தது. டேக் குழுமத்தின் தலைவரான மன்சூர் ஒஜ்ஜே கேட்டுக்கொண்டதற்கிணங்க, 935-ஐ ஒத்த தெருக் கார் ஒன்றை 1983இல் அப்பிரிவு உருவாக்கியது. அதன்பின் பணம் கொடுக்கும் எவருக்கும் தட்டை மூக்கு கிடைத்தது. தயாரிப்பு வரிசையிலிருந்து டர்போ காரைத் தனியே எடுத்து, நல்ல மட்கார்டுகளை அகற்றி, கையால் வடித்த தகடுகளைப் பற்றவைத்தார்கள். மட்கார்டின் மேல் சன்னல் பலகை போன்ற காற்றுத் துளைகளும், பின் மட்கார்டில் காற்றை உறிஞ்சும் வாயும் வைத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க விலைப்பட்டியலிலும் இது ஒரு விருப்பத் தேர்வாக இடம்பெற்றது.

தொழிற்சாலைத் தட்டை மூக்குக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குக் கண்ணாடி இழை மட்கார்டுகள் கிடைத்தன. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், பழைய 911-ஐக் கொடுத்தால் தட்டை மூக்கும் அகல இடுப்பும் வைத்துத் தர ஆட்கள் இருந்தார்கள். 1970களின் நல்ல கார்கள் பல இவ்வாறு பட்டறைக்குள் சென்றன. வேலை சுத்தமாக இருந்தவையும் உண்டு. பட்டி பூசி மறைத்து, சில ஆண்டுகளில் விரிசல் விட்டவையும் உண்டு. 1990கள் வந்ததும் தட்டை மூக்கு என்றாலே முகம் சுளிப்பது வழக்கமாயிற்று. போர்ஷேயின் முகமே அந்த வட்ட விளக்குகள்தான், அதை வெட்டி எறிந்தவர்கள் காரைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று பழமைவாதிகள் கூறினார்கள். இக்கூற்றில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டியவர்களில் முதன்மையானவர் அக்காரைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர்.

பகட்டும் அடக்கமும்

1980களின் ஜெர்மனிப் பட்டறைகளில் இரு துருவங்களைக் காணலாம். ஸ்டுட்கார்ட் அருகே லியோன்பெர்க்கில் ஊவே கெம்பல்லா நடத்திய பட்டறை ஒரு துருவம். அங்கிருந்து வந்த அவலாஞ்ச், மிராஜ் போன்ற கார்களில் மட்கார்டுகள் பருத்து, பக்கவாட்டில் நீளக் கோடுகள் ஓடி, உள்ளே வெள்ளைத் தோலும் பெரிய இசைப்பெட்டிகளும் தொலைக்காட்சித் திரையும் நிறைந்திருக்கும். எண்ணெய்ப் பணமும் பங்குச் சந்தைப் பணமும் பெருகிய காலத்தின் ரசனை அது. இன்று படத்தில் பார்க்கும்போது மிகையாகத் தெரிந்தாலும், அவ்வேலையின் நேர்த்தியை மறுக்க முடியாது.

பாவேரியாவின் பாப்பன்ஹௌசன் என்ற சிற்றூரில் அலோயிஸ் ரூப் நடத்திய பட்டறை மறுதுருவம். ஜெர்மனி அரசின் வாகனத் துறை இதைத் தனி உற்பத்தியாளராகவே ஏற்றிருந்தது. 1987இல் ரூப் வெளியிட்ட சி.டி.ஆர். கார், டர்போவின் அகல உடலைத் தவிர்த்துச் சாதாரண 911-இன் ஒல்லியான உடலை எடுத்துக்கொண்டது. கூரையோரம் மழைநீர் வடியும் சிறு வரம்பைக்கூடச் செதுக்கி நீக்கினார்கள். சோதனைத் தடத்தில் அது மணிக்கு 340 கிலோமீட்டரை நெருங்கியது. மஞ்சள் நிறத்தால் மஞ்சள் பறவை எனப் பத்திரிகையாளர்கள் அதற்குப் பெயர் சூட்டினார்கள். பார்த்தவுடன் எதையும் மாற்றாதது போலத் தோன்றும் அக்கார், மாற்றியமைத்த கார்களிலேயே மிகுதியாக மாற்றப்பட்ட ஒன்று. இன்றைய ரசனை பெரும்பாலும் ரூப் பக்கம் சாய்ந்துவிட்டது.

பின்னோக்கிய மாற்றம்

1990களின் இறுதியில் காற்று திசை மாறியது. 1999இல் கலிபோர்னியாவில் கிரிஸ் ஹுவெர்காஸ், வடிவமைப்பாளர் ஃப்ரீமன் தாமஸ் ஆகியோர் ஆர் குரூப்பே என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1973க்கு முந்தைய நீள மூடிக் கார்களை, 1960களின் பந்தய வீரர்கள் செய்தது போல எடை குறைத்து, அலங்காரங்களை நீக்கி, கம்பீரமாக வைத்திருப்பது அவர்களின் கொள்கை. தொழிற்சாலையில் வந்தபடியே திருகாணி மாறாமல் வைத்திருக்கும் கண்காட்சிப் பண்பாட்டுக்கு எதிர்ப்பாகவே இது பிறந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் ஆயத்த ஆடை வியாபாரம் செய்த மேக்னஸ் வாக்கர் இதைப் பரவலாக்கினார். இவருடைய 1971ஆம் ஆண்டுக் கார் 277 என்ற பந்தய எண்ணால் அறியப்படுகிறது. கைப்பிடிகளில் துளையிடுவது, பின்மூடியில் காற்றுத் துளை வரிசை வெட்டுவது, ஒரே காரில் பொருந்தாத நிறங்களை வைப்பது முதலியன இவர் கைவரிசை. 2012இல் வெளிவந்த 'அர்பன் அவுட்லா' என்ற ஆவணப்படம் இவரை உலகறியச் செய்தது. வாங்குபவருக்குப் பிடிக்க வேண்டும் என்று நினைத்து இவர் காரைக் கட்டுவதில்லை. அதனாலேயே வாங்குபவர்கள் வந்தார்கள்.

இதே நகரில் 2009இல் ராப் டிக்கின்சன் தொடங்கிய சிங்கர் நிறுவனம் பின்னோக்கிய மாற்றத்தைச் செல்வந்தர்களின் கலையாக உயர்த்தியது. இவர் முன்பு கார் வடிவமைப்பில் பணியாற்றி, பின் கேத்தரின் வீல் என்ற ராக் குழுவில் பாடகராக இருந்தவர். நிறுவனத்தின் பெயர் பாடகர் என்ற பொருளையும், தட்டை மூக்கைக் கண்ட நோர்பர்ட் சிங்கரையும் ஒருங்கே சுட்டுகிறது. வாடிக்கையாளர் கொண்டுவரும் 964 காரை முற்றிலும் பிரித்து, கார்பன் இழையில் புது உடல் செய்து, 1960களின் நீள மூடித் தோற்றத்தைத் தருகிறார்கள். இருக்கையின் தோல் பின்னலும் எண்ணெய் ஊற்றும் மூடியும்கூடத் தனித்தனியே வடிக்கப்படுகின்றன. விலை பல லட்சம் டாலர். இப்படி ஒரு கார் 1965இல் இருந்ததே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். இது பழைய காரின் நகல் ஆகாது. பழைய காரைப் பற்றிய நினைவு எவ்வளவு அழகாக இருக்க முடியுமோ அந்த அளவுக்குச் செய்யப்பட்ட கார்.

குறைந்த செலவில் இதையே செய்பவர்களும் ஏராளம். அவர்கள் 1970களின் பிற்பகுதியையும் 1980களையும் சேர்ந்த துருத்திப் பம்பர்க் கார்களைத் தேர்ந்தார்கள். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 1970களின் நடுப்பகுதியிலிருந்து 911-இன் உடல் துத்தநாகப் பூச்சுப் பெற்றது. அதற்கு முந்தைய கார்கள் துருவுக்குப் பலியாகின. ஆகவே துருப்பிடிக்காத உடலும் வலுவான எஞ்சினும் பிற்காலத்தவை, முகம் மட்டும் முற்காலத்தது என்ற கலவை விரும்பப்பட்டது.

நகாய் என்ற கைவினைஞர்

ஜப்பானில் ரசனை வேறு வழியில் சென்றது. டோக்கியோவை அடுத்த சிபா மாவட்டத்தைச் சேர்ந்த அகிரா நகாய், முதலில் டொயோட்டாவின் ஏ.இ.86 கார்களை வளைவுகளில் சறுக்க விட்டு ஓட்டும் குழுவில் இருந்தவர். பின்னர் போர்ஷே பக்கம் திரும்பி ரவ் வெல்ட் பெக்ரிஃப் என்ற பட்டறையைத் தொடங்கினார். ஜெர்மன் சொற்களால் ஆன இப்பெயர் சுருக்கமாக ஆர்.டபிள்யூ.பி. எனப்படுகிறது. ஸ்டெல்லா ஆர்டோயிஸ் என்று அவர் பெயர் வைத்திருக்கும் அவருடைய சொந்தக் காரே இப்பாணியின் முதல் மாதிரி.

நகாய் வேலை செய்யும் முறை இன்று உலகப் புகழ் பெற்றது. எந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் தாமே அங்கு செல்வார். அளவுப் படம் வைத்துக்கொள்வதில்லை. காரைச் சுற்றி வந்து பார்த்து, ஒட்டுத்தாள் ஒட்டிக் கோடு குறித்து, காற்றழுத்த ரம்பத்தால் மட்கார்டின் வளைவை அறுத்துவிடுவார். அதன்மேல் அகலமான கண்ணாடி இழை மட்கார்டை வைத்துத் திருகாணியால் முடுக்குவார். இணைப்பு இடைவெளியில் பசையை விரலால் தடவி மெழுகுவார். பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பாய்லர்கள் வரும். சக்கரங்கள் மட்கார்டுக்குள் புதையும்படி கார் தாழ்ந்து நிற்கும். சில நாட்களில் வேலை முடியும். காருக்கு ஒரு பெயரும் சூட்டிவிட்டுப் போவார்.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்போர் உண்டு. திருகாணித் தலைகள் வெளியே தெரிவதும், காற்றியக்கக் கணக்கு எதுவும் செய்யப்படாததும் அவர்களின் குறை. கணக்கு இல்லை என்பது சரியான விமர்சனமே. ஆனால் வெளியே தெரியும் திருகாணி 1970களின் பந்தயக் கார்களிலிருந்து வந்தது. நகாய் கொண்டாடுவது பந்தயத் தடத்தின் அவசர அழகை. சிங்கரின் காரில் மனித விரல் தடம் ஒன்றுகூடத் தெரியக் கூடாது. நகாயின் காரில் அது தெரிந்தாக வேண்டும். வாடிக்கையாளர் காசு கொடுப்பது அதற்குத்தான்.

திரும்பாத வெட்டு

ரசனை பற்றிய சண்டை இத்தனை கடுமையாக இருப்பதற்குக் காரணம் தகட்டின் அமைப்பில் இருக்கிறது. 911-இன் முன் மட்கார்டுகள் திருகாணியால் பொருத்தப்பட்டவை. கழற்றி வைத்துவிட்டு என்றேனும் திரும்பப் போடலாம். பின் மட்கார்டுகள் உடலோடு பற்றவைக்கப்பட்டவை. அவற்றை அறுத்தால் காரின் உடலையே அறுத்ததாகும். குட்டை மூடிக் காருக்கு நீள மூடி போட வேண்டுமானால் மூடி வந்து பூட்டிக்கொள்ளும் முன்தகட்டையும் வெட்டி மாற்ற வேண்டும். வண்ணத்தை நீக்கலாம், வாலைக் கழற்றலாம். அறுத்த தகட்டை ஒட்டவைத்தாலும் அது தொழிற்சாலையில் வந்த தகடாக ஆகிவிடாது.

இதன் விளைவு சந்தையில் தெரிந்தது. காற்றால் குளிரும் கார்களின் தயாரிப்பு 1998இல் நின்றுவிட்டதால் அவற்றின் எண்ணிக்கை இனிக் கூடாது. சிங்கர் கட்டும் ஒவ்வொரு காருக்கும் ஒரு 964 பலியாகிறது. 1990களில் மலிவாகக் கிடைத்த, யாரும் பெரிதாக மதிக்காத கார் அது. பல கார்கள் வெட்டப்பட்ட பின், வெட்டப்படாத 964-க்கு மதிப்பு ஏறியது. தட்டை மூக்கிலும் இதே கதை நடந்தது. ஒருகாலத்தில் விலை குறைந்ததால் பழைய வட்ட விளக்குக்குத் திருப்பி மாற்றப்பட்ட தட்டை மூக்குக் கார்கள் உண்டு. இன்று தொழிற்சாலைத் தட்டை மூக்கு என ஆவணத்துடன் நிறுவப்பட்ட கார், சாதாரண டர்போவைவிட அதிக விலை பெறுகிறது. தனியார் பட்டறையில் வெட்டிய கார் அந்த விலையில் ஒரு பங்கைத்தான் பெறும். தகட்டின் தரம் சமமாக இருந்தாலும் இதே நிலைதான். வாங்குவோர் வடிவத்துக்குக் கொடுக்கும் விலையைவிட, அதை யார் வெட்டினார் என்பதற்குக் கொடுக்கும் விலை அதிகம். ரசனையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பலரும் பேசுவது சான்றிதழைப் பற்றியே.

வெட்டாமல் காப்பதே கடமை என்பவர்களின் பக்கம் ஓர் உறுதியான வாதம் உண்டு. வரலாற்றுப் பொருள் ஒன்று அழிந்தால் அடுத்த தலைமுறை அதைப் பார்க்க முடியாது. ஆனால் 911 ஆயிரக்கணக்கில் தயாரான கார். 1,580 மட்டுமே உள்ள ஆர்.எஸ்.ஸை அறுப்பதும், துருப்பிடித்துக் கொட்டகையில் கிடக்கும் சாதாரணக் காரை அறுப்பதும் ஒன்றாகாது. மாற்றியமைப்போரில் பொறுப்புள்ளவர்கள் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடிக்கிறார்கள்.

நிறுவனமும் சட்டமும்

வாங்கிய காரை உரிமையாளர் எவ்வளவு மாற்றலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஜெர்மனியில் மாற்றம் பரிசோதனை அமைப்பின் ஒப்புதல் பெற வேண்டும். இல்லையேல் காரின் இயக்க அனுமதி போய்விடும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மூல அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

நிறுவனங்களின் மனப்போக்கிலும் வேறுபாடு உண்டு. இத்தாலியின் ஃபெராரி தன் வடிவத்தைக் கண்டிப்புடன் காக்கிறது. 2014இல் கனடாவின் இசைக் கலைஞர் டெட்மௌஸ், பூனைப் படம் போட்ட தாளைத் தம் ஃபெராரி 458 மேல் ஒட்டி, சின்னத்தையும் மாற்றியபோது நிறுவனம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மான்சோரி என்ற ஜெர்மன் பட்டறை, சாதாரண ஃபெராரி 488-ஐ அரிதான எஃப்.எக்ஸ்.எக்ஸ். கே போலக் காட்டும் பாகங்களை விற்றது தொடர்பான வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. காரின் முழுப் படத்தை வெளியிட்டாலே, அதில் தெளிவாகத் தெரியும் ஒரு பகுதியின் வடிவத்துக்கும் பாதுகாப்புக் கிடைக்கலாம் என்று அந்நீதிமன்றம் 2021இல் கூறியது.

போர்ஷே எடுத்த வழி வேறு. வாடிக்கையாளர்களிடமும் பட்டறைகளிடமும் கற்றுக்கொண்டு, அதைத் தானே விற்றது. வாத்து வாலைத் திரும்பக் கொண்டுவந்து ஸ்போர்ட் கிளாசிக் என்ற பெயரில் 2009இல் 250 கார்களும், 2022இல் மீண்டும் 1,250 கார்களும் அறிவித்தது. 2018இல் கலிபோர்னியாவின் லகூனா செக்கா தடத்தில் 77 கார்களே கொண்ட புதிய 935-ஐக் காட்டியது. அதற்கும் தட்டை மூக்கு.

இப்போது முறை 996-க்கு வந்திருக்கிறது. 1990களின் இறுதியில் வந்த இந்தத் தண்ணீர்க் குளிர்ச்சிக் காரின் விளக்கும் திசைகாட்டி விளக்கும் ஒரே கண்ணாடிக்குள் கலந்திருந்ததால், பொரித்த முட்டை உடைந்து வழிந்தது போல் இருக்கிறது என்று கேலி செய்தார்கள். நீண்ட காலம் 911-களில் மிக மலிவாக விற்றது இதுவே. அதன் மூக்கை மாற்றி வட்ட விளக்கு பொருத்தித் தரும் பட்டறைகள் தோன்றிவிட்டன. அந்த முட்டை விளக்கே இக்காரின் அடையாளம், அதை எடுக்கக் கூடாது என்று சொல்லும் இளைஞர்களும் வந்துவிட்டார்கள்.